ஈரத்தில் தேறும் மண்: கிராமச் சாலைகளில் பாலிமர் நிலைப்படுத்திகளின் வரலாறு

கிராமச் சாலை வண்டிப் பாரத்தால் கெடுவதைவிடத் தண்ணீரால் கெடுவதே அதிகம். ஓரத்து மண் உயர்ந்து சாலை பள்ளமாகிவிட்டால், பெய்த மழை வடிய வழியின்றித் தார் ஓரத்திலேயே தேங்கும். அடிமண்ணில் இறங்கி அதை இளக்கும். மழை விட்ட மறுநாள் அந்த வழியே போகும் ஒற்றை மணல் லாரி, கோடை முழுவதும் ஓடிய நூறு வண்டிகள் செய்யாத சேதத்தைச் செய்துவிடும். ஆகவே ஒரு நிலைப்படுத்தி மண்ணை எவ்வளவு கெட்டியாக்குகிறது என்பதைவிட, ஊறிய பின்னும் அந்தக் கெட்டித்தன்மை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கிராமச் சாலைக்கு உரிய கேள்வி. பாலிமர்களின் சாலை வரலாற்றில் இந்தக் கேள்வி பிந்தியே கேட்கப்பட்டது. காரணம், அந்தப் பொருள்கள் முதலில் கிராமத்துக்காக உருவானவை அல்ல.

மண்ணைச் சாலைக்கு ஏற்றபடி திருத்தும் முயற்சிக்கு அளவுகோல் கிடைத்ததே 1930-களை ஒட்டித்தான். அணைக்கட்டுப் பொறியாளரான ரால்ஃப் பிராக்டர் 1933-ல் வெளியிட்ட கெட்டிப்படுத்தல் சோதனை, எந்த ஈரப்பதத்தில் இடித்தால் மண் மிக நன்றாக இறுகும் என்பதைக் காட்டியது. கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் ஓ. ஜே. போர்ட்டர் உருவாக்கிய சி.பி.ஆர். சோதனை மண்ணின் தாங்குதிறனை ஓர் எண்ணாக்கித் தந்தது. 1935-ல் தென் கரோலினாவின் ஜான்சன்வில் அருகே, முறையாகத் திட்டமிட்ட முதல் மண்-சிமென்ட் சாலை போடப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த மண்-சிமென்ட் சோதனை முறை மாதிரிக் கட்டியை 12 முறை நனைத்து, உலர்த்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து, எவ்வளவு மண் உதிர்கிறது என்று பார்க்கிறது. இந்தியாவில் எஸ். ஆர். மெஹ்ரா மணல், களிமண் விகிதத்தைச் சரிசெய்து, மேலே செங்கல் ஜல்லி கலந்து மலிவாகச் சாலை போடும் முறையை வகுத்தார். அது இன்றும் பொறியியல் பாடநூல்களில் அவர் பெயரிலேயே நிற்கிறது. இவை அனைத்திலும் பாலிமர் கிடையாது. ஆனால் பின்னால் வந்த பாலிமர்களை மதிப்பிட வேண்டிய அளவுகோல்கள் இங்கேயே இருந்தன.

செயற்கைப் பாலிமரை மண்ணுக்குள் கொண்டுவந்தது இரண்டாம் உலகப்போரின் இராணுவ அவசரம். சதுப்பிலும் கடற்கரை மணலிலும் ஒரே இரவில் வண்டி ஓட வேண்டும், விமானம் இறங்க வேண்டும். அமெரிக்க இராணுவத்தின் இந்தத் தேவையை ஒட்டி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டி. வில்லியம் லாம்ப் உள்ளிட்டோர் கால்சியம் அக்ரிலேட்டை ஆராய்ந்தனர். தனி மூலக்கூறுகளாக ஈர மண்ணில் கலந்து, வினையூக்கி சேர்த்து, மண்ணுக்குள்ளேயே அவற்றைச் சங்கிலியாகக் கோக்கும் முறை அது. வேலை செய்தது, விலைதான் கட்டுப்படியாகவில்லை. 1951 இறுதியில் மான்சாண்டோ நிறுவனம் ‘கிரிலியம்’ என்ற பாலிமரை உழவர்களுக்கு அறிமுகப்படுத்தியது. நோக்கம் நேர் எதிரானது. உழவருக்கு மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், சாலைக்காரருக்கு இறுகிக் கிடக்க வேண்டும். இரு தரப்பும் ஒரே குடும்பத்து வேதிப்பொருளிடம் போய் நின்றது வேடிக்கைதான். வயலிலும் அது விலையால் நிலைக்கவில்லை.

திருப்பம் பால்போன்ற குழம்புகளால் வந்தது. பாலிவினைல் அசிட்டேட், அக்ரிலிக் வகைகளை நீரில் நுண்துகள்களாகக் கலந்து தயாரிக்கும் இந்தக் குழம்புகளைச் சாதாரணத் தண்ணீர் லாரியிலிருந்தே தெளிக்கலாம். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறங்குதளங்களில் எழுந்த புழுதி, விமானியின் கண்ணை மறைத்து எந்திரத்தையும் தேய்த்தது. அதை அடக்க மிசிசிப்பி மாநிலம் விக்ஸ்பர்க்கில் உள்ள இராணுவப் பொறியியல் ஆய்வு நிலையம் இவ்வகைக் குழம்புகளைச் சோதித்தது. புழுதி அடக்கியாக நுழைந்த பொருள் மெல்லச் சாலை அடித்தளத்துக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

அது வேலை செய்யும் விதம் எளிது. சிமென்ட்போல இது நீருடன் வினைபுரிந்து இறுகுவதில்லை. நீர் ஆவியாகும்போது பாலிமர் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று இழைந்து, மணல் மணிகளைப் பிணைக்கும் மெல்லிய படலமாகின்றன. எனவே உலர்ந்தால்தான் பலம். மணலிலும் வண்டல் மணலிலும் பிடிப்பு நன்றாக வரும். களிமண்ணில் துகள்களின் மொத்தப் பரப்பு பல மடங்கு என்பதால், அதே அளவு குழம்பு எல்லாவற்றையும் சுற்றி வராது. தச்சர் பலகை ஒட்டும் வெள்ளைப் பசையும் பாலிவினைல் அசிட்டேட் குழம்புதான். அந்தப் பசையால் ஒட்டிய சாதாரண நாற்காலிக்கால் மழையில் கிடந்தால் என்னவாகும் என்று எந்தத் தச்சரும் சொல்லுவார். அக்ரிலிக் வகைகள் இதைவிட நீரைத் தாங்கும். மேற்பரப்பில் வெயிலையும் தாங்கும்.

முறையான ஓர் ஒப்பீடு 2002-ல் வந்தது. விக்ஸ்பர்க் ஆய்வாளர்களான சான்டோனி, டிங்கிள், வெப்ஸ்டர் ஆகியோர் அமிலம், நொதி, லிக்னின், பிசின், பாலிமர் எனச் சந்தையில் இருந்த பல வகை நிலைப்படுத்திகளை வண்டல் மணலில் கலந்து, சிமென்ட், சுண்ணாம்பு, தார்க் குழம்பு ஆகியவற்றோடு நேருக்கு நேர் நிறுத்தினர். அமிலங்களும் நொதிகளும் சொல்லும்படியான பலம் தரவில்லை. பலம் தந்தவற்றில் பாலிமர்கள் சில இருந்தன. இந்த முடிவை விற்பனையாளர்கள் ஆர்வத்தோடு எடுத்துக்காட்டுவது வழக்கம். எடுத்துக்காட்டாதது சோதனையின் ஒரு நிபந்தனையை: ‘ஈர நிலை’ என்று அந்த ஆய்வு கொண்டது, உலர்ந்த மாதிரியைச் சுமார் ஓர் அங்குல நீரில் 15 நிமிடம் கிடத்துவதை. ஆய்வாளர்கள் மேல் குறையில்லை. அவர்களுக்கு வேண்டியது உடனடியாகப் பயன்படும் இராணுவப் பாதை. ஆனால் இந்தியச் சாலைப் பொறியாளர் வழக்கமாகக் கேட்பது நான்கு நாள் நீரில் ஊறிய மண்ணின் சி.பி.ஆர். மதிப்பை. 15 நிமிடத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் இடையே இருப்பது ஒரு பருவமழை.

இந்தியாவில் கதை வேறு வழியில் போனது. 2000 டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், 500 பேருக்கு மேல் வாழும் சாலையில்லாக் குடியிருப்புகளை இணைக்கப் புறப்பட்டது. நல்ல கிராவலும் ஜல்லியும் கிடைக்காத ஊர்களுக்கு லாரிக்கூலியே பெருஞ்செலவாக, உள்ளூர் மண்ணையே திருத்திக்கொள்ளும் யோசனை வலுத்தது. சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல் கொண்டு நிலைப்படுத்துவதற்கான வழிகாட்டியை இந்திய சாலைகள் காங்கிரஸ் 2010-ல் வெளியிட்டது. 2013-ல் கிராமச் சாலைத் திட்டமே புதிய தொழில்நுட்பங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கியது. 2018-ல் முன்சொன்ன வழிகாட்டியின் இரண்டாம் பகுதி, நிலைப்படுத்திய சாலைகளை வடிவமைக்கும் முறையை வகுத்தது.

இந்தக் காலத்தில் பாலிமர் தனியாக வரவில்லை, கூட்டாளிகளோடு வந்தது. வதோதராவின் சைடெக்ஸ் நிறுவனம் விற்கும் இணையை எடுத்துக்கொள்வோம். ‘டெராசில்’ ஓர் ஆர்கனோசிலேன். மண் துகளின் மேற்பரப்பை நீர் ஒட்டாததாக மாற்றுவது அதன் வேலை. ‘சைகோபாண்ட்’ அக்ரிலிக் குழம்பு. துகள்களைப் பிணைப்பது அதன் வேலை. இவற்றோடு சிறிதளவு சிமென்ட்டும் சேர்க்கப்படுவதுண்டு. பிணைப்பு ஒருவரிடம், நீர்விலக்கு இன்னொருவரிடம், விறைப்பு மூன்றாமவரிடம். பாலிமரால் மட்டும் மழையைச் சமாளிக்க முடியாது என்பதை இந்த வேலைப் பிரிவினையே ஒப்புக்கொள்கிறது.

இதன் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. 3.75 மீட்டர் அகலம், 15 செ.மீ. ஆழம், 1 கி.மீ. நீளம் என்றால் மண் 562.5 கன மீட்டர். உலர் எடை சுமார் 1,000 டன். எடையில் 2.5 சதவீதம் குழம்பு என்றால் 25 டன். சிமென்ட்டைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருளை அந்த அளவில் கொட்ட எந்த ஊராட்சி ஒன்றியத்தாலும் முடியாது. அளவைச் சுருக்கினால் படலம் அறுபடும். 

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் ஆர். வாசுதேவன் எடுத்த பாதையை இங்கே ஒப்பிட வேண்டும். அவர் பாலிமரை மண்ணுக்குள் விடவில்லை. கல்லின் மேல் பூசினார். சுமார் 165 டிகிரிக்குச் சூடான ஜல்லியின் மேல் துண்டாக்கிய பழைய பிளாஸ்டிக் பைகளைத் தூவினால், அவை உருகி ஒவ்வொரு கல்லையும் போர்த்திக்கொள்ளும். அதன் பிறகே தார். கல்லுக்கும் தாருக்கும் இடையே நீர் புகுந்து தாரை உரிப்பதுதான் நம் சாலைகளின் பழைய நோய், அது நுழையும் இடத்தையே இந்தப் பூச்சு அடைக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஒருவழிச் சாலைக்கு ஏறத்தாழ 1 டன் பிளாஸ்டிக் போதும், அதுவும் குப்பையிலிருந்து. 2002-ல் தொடங்கிய இம்முறைக்கு 2006-ல் காப்புரிமையும், 2013-ல் இந்திய சாலைகள் காங்கிரசின் தனி வழிகாட்டியும் கிடைத்தன. இதற்கிடையே 2008-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மதிப்பீடு, சென்னை ஜம்புலிங்கம் தெரு, மதுரை வண்டியூர் சாலை போன்ற, சில ஆண்டு மழையை ஏற்கெனவே பார்த்துவிட்ட சாலைகளிலேயே அளவெடுத்தது. பைக் குப்பைக்குக் கிடைத்த இந்தச் சோதனை, விலையுயர்ந்த மண் பாலிமர்கள் பலவற்றுக்கு வாய்க்கவில்லை.

கரிசல் நிலத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. மாண்ட்மோரில்லோனைட் மிகுந்த அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும். மெல்லிய பாலிமர் படலத்தால் அந்த உப்பலைப் பிடித்துவைக்க இயலாது. களிமண்ணின் இயல்பையே மாற்றும் சுண்ணாம்பே அங்கு முதல் மருந்து, பாலிமருக்கு அதன்பின் ஏதேனும் வேலை இருந்தால் உண்டு. கடலோர மணல் ஊர்களிலோ வரிசை தலைகீழ். கிராவல் தொலைவில், மணல் காலடியில், படலம் பிடிக்க ஏற்ற துகள்.

கிராமச் சாலைத் திட்ட ஒப்பந்தத்தில் போட்டவரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஐந்து ஆண்டுகளிலும் வடகிழக்குப் பருவமழை முடிந்த வாரத்தில், சாலை நடுவில் அல்ல, தண்ணீர் தேங்கும் ஓரத்தில் மாதிரி வெட்டி எடுத்துச் சோதித்தால், இராணுவ ஆய்வு தொடாமல் விட்ட கேள்விக்கான தரவு ஒப்பந்தச் செலவுக்குள்ளேயே சேர்ந்துவிடும்.