தபால்காரர் வராத நாட்கள்

கோழி மேய்த்தாலும் கோர்ன்மெண்டில் மேய்க்க வேண்டும் என்பது நம்மவர் வாக்கு. அதே நம்மவர் தபாலாபீஸ் ஜன்னலின் முன் அரைமணி நேரம் நிற்க நேர்ந்தால், உள்ளே அமர்ந்திருக்கும் குமாஸ்தாவைப் பற்றிச் சொல்லும் சொற்களை வானொலியில் திருப்பிச் சொல்ல இயலாது. மாப்பிள்ளை தேடும்போது சர்க்கார் உத்தியோகம் பெருமை. வரிசையில் நிற்கும்போது அதுவே எரிச்சல். இவ்விரண்டு மனோபாவங்களும் ஒரே உள்ளத்தில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் பல காலமாகக் குடியிருந்து வருகின்றன.

அந்தச் சர்க்கார் ஊழியர் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தபோது நாடு அவரை எவ்வாறு பார்த்தது? சொந்த ஊரை விட்டு டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வந்து குடியேறிய தமிழர்களுக்கு இது வெறும் சரித்திர விசாரணை அன்று. மாதம் பிறந்ததும் ஊருக்கு மணியார்டர் அனுப்பியவர்கள் அவர்கள். அந்த மணியார்டரை ஏற்றுக்கொண்ட குமாஸ்தாக்களிலும் அவர்கள் இருந்தார்கள். தபால் நின்றால் இரு பக்கத்து நஷ்டமும் ஒரே வீட்டில் வந்து சேர்ந்தது.

1946ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று தபால்காரர்களும் கீழ்நிலைச் சிப்பந்திகளும் அகில இந்திய அளவில் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். யுத்தம் முடிந்து ஓராண்டு ஆகவில்லை. அரிசியும் துணியும் ரேஷனில் கிடைத்தன. ரேஷனுக்கு வெளியே அவற்றின் விலை ஏழைக்கு எட்டாததாயிருந்தது. சம்பளமோ யுத்தத்துக்கு முந்திய காலத்தின் சாயலை விட்டு அதிகம் நகரவில்லை. சம்பள விகிதங்களை ஆராய, பெடரல் கோர்ட்டில் நீதிபதியாயிருந்த ஸ்ரீநிவாச வரதாச்சாரியார் தலைமையில் அவ்வாண்டு மே மாதமே ஒரு கமிஷன் அமைக்கப்பட்டிருந்தது. கமிஷனின் அறிக்கை வரும்வரை வயிறு பொறுக்கவில்லை.

கடிதம் வரவில்லை, பணம் வரவில்லை; ஆயினும் ஜனங்கள் தபால்காரரைச் சபிக்கவில்லை. பிப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் கடற்படையினர் கிளர்ந்தெழுந்த ஆண்டு அது. அன்னிய சர்க்காரை எதிர்த்து யார் எழுந்து நின்றாலும் அவரைத் தம்மவராகவே மக்கள் கருதினார்கள். தந்தி இலாகாவினரும் குமாஸ்தாக்களும் போராட்டத்தில் சேர்ந்தனர். ஜூலை 29 அன்று கல்கத்தா நகரம் முழுவதும் தபால் ஊழியர்களுக்கு ஆதரவாகத் தொழிலை நிறுத்தியது. ஆலைகள் ஓடவில்லை, டிராம் வண்டிகள் ஓடவில்லை. ஹிந்துவும் முஸ்லிமும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். அதற்குச் சரியாகப் பதினெட்டு நாள் கழித்து, ஆகஸ்டு 16 அன்று, அதே தெருக்களில் என்ன நடந்ததென்று உலகம் அறியும். ஜூலையின் ஒற்றுமையை அந்த ஆகஸ்டு விழுங்கிவிட்டதால், கல்கத்தாவின் சரித்திரத்தில் தபால்காரர்களுக்காக ஒரு நகரமே நின்ற நாள் ஒரு வரிக் குறிப்பாகச் சுருங்கிவிட்டது. அது அதனினும் பெரிய இடத்துக்கு உரியது என்பது என் கருத்து.

வரதாச்சாரியார் கமிஷன் 1947இல் கடைநிலை ஊழியருக்கு 30 ரூபாய் சம்பளமும் 25 ரூபாய் பஞ்சப்படியுமாக 55 ரூபாய் பரிந்துரைத்தது.

பதினான்கு ஆண்டுகள் கடந்தன. சர்க்கார் நம்முடையதாயிற்று. தபால்காரர் அதே தபால்காரர். பை அதே பை. 1960ஆம் ஆண்டு ஜூலை 11 நள்ளிரவில் மத்திய சர்க்கார் ஊழியர்கள் மறுபடியும் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். இந்த முறை அவர்களுக்காக எந்த நகரமும் கல்கத்தாவைப் போல் எழுந்து நிற்கவில்லை.

அவர்கள் கேட்டது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. 1957 ஜூலையில் புது டில்லியில் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. சர்க்காரும் முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் ஒன்றாக அமர்ந்து, ஒரு மனிதன் மானமாக வாழக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டார்கள். கணவன், மனைவி, இரு குழந்தைகள். உணவில் இவர்களை மூன்று பேராகக் கொள்வது. உணவின் அளவுக்கு டாக்டர் அய்க்ராய்டு வகுத்த கணக்கு ஆதாரம். (இந்த அய்க்ராய்டு நம் குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராயிருந்தவர்.) ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 18 கெஜமாக வீட்டுக்கு 72 கெஜம் துணி. வாடகை தனி. விறகு, விளக்கு, இதர செலவுகளுக்கு மொத்தத்தில் நூற்றுக்கு இருபது. கணக்கில் ஆடம்பரம் ஏதுமில்லை. சினிமாவும் இல்லை, தீர்த்த யாத்திரையும் இல்லை.

இந்தக் கணக்கை அன்றைய விலைவாசியில் பெருக்கினால் மாதம் ஏறக்குறைய 125 ரூபாய் ஆயிற்று. அதையே ஊழியர்கள் கேட்டார்கள். நீதிபதி ஜகந்நாத தாஸ் தலைமையில் அமைந்த இரண்டாவது சம்பளக் கமிஷன் 1959இல் அளித்ததோ 80 ரூபாய். நாட்டின் பொருளாதாரம் அதற்கு மேல் தாங்காது என்பது கமிஷனின் முடிவு. மாநாட்டின் தீர்மானங்களை நிறைவேற்றத் தான் கட்டுப்பட்டதில்லை என்று நிதி அமைச்சகமும் கமிஷனுக்குத் தெரிவித்திருந்தது. ஒரு கையால் எழுதிய கணக்கை மறு கை ஏற்கவில்லை.

வேலை நிறுத்தத்துக்கு முன்பே, ஜூலை 8 அன்று அவசரச் சட்டம் பிறந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். ஐந்து நாட்களில் போராட்டம் கைவிடப்பட்டது. பங்கேற்ற சங்கங்கள் அங்கீகாரத்தை இழந்தன.

பொது ஜனங்கள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்? அவர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது. உழவனுக்கும் கைத்தறி நெசவாளிக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் என்பது கிடையாது. மழை பொய்த்தால் பஞ்சப்படி கிடையாது. முதுமையில் பென்ஷன் கிடையாது. அவன் வரிப்பணத்தில் வாழ்பவர், அவனைவிட நிலையான வாழ்வு உடையவர், ஐந்தாண்டுத் திட்டங்களுக்குப் பணம் தேடி நாடு தவிக்கும் வேளையில் வேலையை நிறுத்தலாமா என்று கேட்டார்கள். கேள்வி நேர்மையானதுதான். ஆனால் அது எப்போதும் கடைசிப் படியில் நிற்பவனை நோக்கியே கேட்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 80 ரூபாய் வாங்கும் பியூனையும் அவனைப் போல் முப்பது மடங்கு வாங்கும் அதிகாரியையும் ‘சர்க்கார் ஊழியர்’ என்ற ஒரே சொல் மூடி மறைத்தது. உழவனின் ஏழ்மையைக் காட்டிப் பியூனின் சம்பளத்தைக் குறைத்துப் பேசியவர்கள், அதே ஏழ்மையை அதிகாரியின் முன் எடுத்துக்காட்டியதாகத் தெரியவில்லை.

சங்கங்களின் பேரிலும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். பஞ்சப்படிக்காக எழுந்த அளவுக்கு, ஜன்னலுக்கு வெளியே காத்துநிற்பவரின் சிரமத்துக்காக அவை எழுந்ததில்லை. மனுவுடன் ஐந்து முறை நடந்தவன், ஆறாவது முறை கதவு பூட்டியிருக்கக் கண்டால், உள்ளே இருந்தவரின் நியாயத்தை விசாரித்துக்கொண்டிருக்க மாட்டான்.

1966இல் ஊழியரும் சர்க்காரும் கலந்து பேசுவதற்கென்றே கூட்டு ஆலோசனை அமைப்பு ஒன்று ஏற்பட்டது. தேவைக்கேற்ற குறைந்தபட்சச் சம்பளம் என்ற பழைய கோரிக்கையை நடுவர் தீர்ப்புக்கு விடச் சர்க்கார் இசையாததால், 1968 செப்டம்பர் 19 அன்று ஒரு நாள் அடையாள வேலை நிறுத்தம் நடந்தது. ஒரே நாள்தான், ஆனால் பதான்கோட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஊழியர்கள் உயிரிழந்தனர். அவசரச் சட்டத்தை அமல் செய்யக் கேரளத்தின் நம்பூதிரிபாடு மந்திரிசபை மறுத்தது. நாட்டின் ஒரு மாநிலத்தில் குற்றம் எனப்பட்டது, மற்றொரு மாநிலத்தில் உரிமை எனப்பட்டது.

1974 மே 8 அன்று தொடங்கி இருபது நாட்கள் நடந்த ரயில்வே வேலை நிறுத்தத்தைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். போராட்டத்தின் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் மே 2இலேயே கைதானார். ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் தெருவில் இறக்கப்பட்டன. நாட்டை முடக்கியவர் என்று பலர் ஏசிய அதே தலைவரை, மூன்றாண்டுக்குப் பின் சிறையிலிருந்தபடியே போட்டியிட்டபோது, முசாபர்பூர் வாக்காளர்கள் பெருவாரியாக வெற்றிபெறச் செய்தார்கள். ரயில்வே ஊழியர் கேட்ட போனஸும் 1979இல் கிடைத்தது. இடையில் நெருக்கடி நிலை வந்து போயிருந்தது. சர்க்காரின் கை எவ்வளவு நீளம் என்பதை ஊழியரல்லாதவரும் கண்டுகொண்டிருந்தனர்.

நம் மாநிலத்தின் அனுபவமும் உண்டு. 2003 ஜூலையில் வேலை நிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 ஊழியர்களும் ஆசிரியர்களும் தமிழ்நாட்டில் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். ‘நன்றாக வேண்டும்’ என்று சொன்னவர்கள் உண்டு. வேலை நிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று ஆகஸ்டு 6 அன்று உச்ச நீதிமன்றமும் கூறியது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் மாநில ஆளுங்கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. தோல்விக்குக் காரணங்கள் பல. எனினும் தேர்தல் முடிந்தவுடன் ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் கைவிடப்பட்டன.

மீண்டும் தபால்காரரிடம் வருவோம். கிராமத்தில் நாம் தபால்காரர் என்று அழைப்பவர் பெரும்பாலும் இலாகாவின் முழுநேர ஊழியர் அல்லர். முன்பு இலாகா சாராத ஏஜெண்டு என்றார்கள். பிறகு கிராம அஞ்சல் ஊழியர் என்று பெயர் மாறியது. அவர் வகிப்பது அரசுப் பதவியே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. ஆயினும் முழுநேர ஊழியருக்குரிய பென்ஷன் அவருக்கு வரவில்லை. வேறொரு பிழைப்பு இருந்தாக வேண்டும் என்பதே அவரை வேலைக்கு எடுக்கும் விதிகளில் ஒன்று. ஊராரின் கண்ணுக்கோ அவரும் ‘கவர்ன்மெண்டு ஆள்’.

2018 மே 22 அன்று, நாடெங்கும் சுமார் இரண்டரை லட்சம் பேரைக் கொண்ட இந்த ஊழியர் கூட்டம் வேலை நிறுத்தத்தில் இறங்கியது. தங்கள் ஊதியத்தை ஆராய்ந்த கமிட்டியின் பரிந்துரைகளை அமல் செய்யுங்கள் என்பதே கோரிக்கை. ஜூன் 6 அன்று மத்திய மந்திரிசபை ஊதிய உயர்வுக்கு ஒப்புதல் அளிக்கும்வரை பல கிராமங்களில் கிளை அஞ்சலகங்கள் திறக்கவில்லை. 1946இன் கைதட்டலும் இல்லை. 1960இன் ஏச்சும் இல்லை. நகரங்களில் தபால்காரர்கள் வழக்கம்போல் வந்தார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவோர் கைபேசியில் அனுப்பினார்கள். கிராமத்தில் கிளை அஞ்சலகத் திண்ணையில் சேமிப்புப் புத்தகத்துடன் வந்து அமர்ந்தவர்கள், கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு மறுநாளும் வந்தார்கள்.