பத்து நாள் ஊழியமும் முப்பத்தைந்து வருட வாசமும்

டில்லியிலிருந்து ஊருக்குப் போய்வரும் நம்மவர்களுக்குத் தோர்னக்கல் என்ற ஸ்டேஷன் பெயர் பழக்கமானதுதான். வாரங்கலைத் தாண்டி, விஜயவாடா வருவதற்கு முன்னால் ஜி.டி. எக்ஸ்பிரஸ் கடந்து போகிற ஜங்ஷன். அந்தச் சின்ன ஊரில் ஒரு திருநெல்வேலிச் சீமைத் தமிழர் 35 ஆண்டுகள் ஊழியம் செய்து அங்கேயே காலமானார் என்பது அன்பர்களில் பலருக்குத் தெரியாமலிருக்கலாம். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் பெயர்.

அவரைப் பற்றி நான் எழுத வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சர்ச்சுக்குப் போகும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது கோடை லீவில் பத்து நாள், இரண்டு வாரம் என்று வெளிநாட்டுக்கு ஊழியப் பயணம் போய் வருகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறார்கள். பாத்திரக் கடைக்கு வருகிற ஒருவர், "நயினாரே, பத்து நாள்ல என்னத்த தொண்டு பண்ணிட முடியும்?" என்று கேட்டார். நான் சமணன். எங்கள் முனிவர்கள் கப்பலேறுவதில்லை. அதனால்தான் 1893-ல் சிகாகோ சர்வ சமய மாநாட்டுக்கு அழைப்பு வந்தபோது ஆச்சாரியர் ஆத்மாராம்ஜி தாம் போகாமல் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி என்ற இல்லறத்தாரை அனுப்பி வைத்தார். ஆகவே அந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் பதில் தேடலாம் என்று தோன்றியது.

இந்தக் குறுகிய காலப் பயணங்கள் இன்றைய வடிவில் பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1957-ல் ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்க மாணவர் இரண்டு நண்பர்களோடு ஒரு பழைய லாரியில் ஸ்பானிய மொழி வேதப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு மெக்ஸிகோவுக்குப் போனார். விடுமுறைக்காலப் பயணமாக ஆரம்பித்த அதிலிருந்து ஓர் உலக இயக்கமே வளர்ந்தது. 2005-ஐ ஒட்டி நடந்த ஒரு கணக்கெடுப்பின்படி அமெரிக்கச் சர்ச் அங்கத்தினர் மட்டுமே வருஷத்துக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படிப் போய் வந்தார்கள்.

இதற்கு எதிர்ப்பும் உள்ளிருந்தே வந்தது. 1968 ஏப்ரலில் மெக்ஸிகோவில் இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கக் குருவானவர், கோடைத் தொண்டுக்கு வரத் தயாராக இருந்த அமெரிக்க மாணவர்களைப் பார்த்து, உதவி செய்கிறேன் என்று வராதீர்கள், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள் என்ற கருத்தில் முகத்துக்கு நேரே பேசினார். மொழி தெரியாத ஊரில் தன்னால் ஆகிற கேடுகூடத் தொண்டு செய்கிறவனுக்குத் தெரியாது என்பது அவர் வாதம்.

ஆனால் பார்க்கப் போகிற பயணத்துக்கும் பலன் உண்டு. அதற்கு அசரியா சாட்சி. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக இருந்தபோது 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே அமெரிக்க மிஷன் 1816 முதல் வேலை செய்த இடம். (நம் சமண காப்பியமான சூளாமணியை 1889-ல் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை அந்த மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர். எனக்கு இந்தச் சரித்திரத்தில் நாட்டம் வந்ததே அவர் வழியாகத்தான்.) யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில், தங்கள் ஆட்களைக் கொண்டே ஒரு மிஷன் சங்கம் நடத்துவதை அசரியா பார்த்தார். அவர்களைவிட எத்தனையோ மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபையில் அப்படி ஒன்று இல்லையே என்ற எண்ணம் அவரை உறுத்தியது. மறு வருஷமே, 1903-ல், இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் கொள்கை. யாழ்ப்பாணத்தில் அவர் எதையும் கட்டிக் கொடுக்கவில்லை. கண்டதை வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

இன்னொரு பயணம் 1910-ல். எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டுக்குச் சுமார் 1,200 பிரதிநிதிகள் வந்தார்கள்; அதில் ஆசியர் இருபது பேர்கூட இல்லை. ஜூன் 20-ந்தேதி மாலை அசரியா எழுந்தார். மிஷனெரிமார் செய்த தியாகத்தை மறுக்கவில்லை. ஆனால் கூட வேலை செய்கிற இந்தியரைத் தமக்குச் சமமாக நடத்தவில்லை, எங்களுக்கு நீங்கள் நண்பர்களாக வேண்டும் என்று நேராகச் சொன்னார். சபையில் சிலருக்கு அது ரசிக்கவில்லை. ஆனால் நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்த மாநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பேச்சைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

மற்றவரிடம் கேட்டதைத் தானும் செய்தார் என்பதுதான் பெரிய விஷயம். 1909-லேயே உத்தியோகத்தை விட்டு, நிஜாம் ராஜ்யத்துத் தோர்னக்கலில் போய்த் தங்கிவிட்டார். தெலுங்கு கற்று அந்த மக்களோடு கலந்தார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா செயின்ட் பால் கதீட்ரலில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1939-ல் அவர் பிரதிஷ்டை செய்த தோர்னக்கல் கதீட்ரலில் கோயில் பாணித் தூண்களும் மசூதி பாணிக் குவிமாடங்களும் சேர்ந்தே இருக்கின்றன. 1945 ஜனவரி 1-ல் மறைந்தார். மதமாற்ற விஷயத்தில் 1930-களில் காந்திஜி அவரோடு மாறுபட்டார். அதில் என் மனம் காந்திஜி பக்கமே சாயும். ஆனாலும் பிற மொழி பேசும் ஊரில் ஒரு தமிழர் எப்படி வாழலாம் என்பதற்கு அவரைப் போல் உதாரணம் குறைவு.

எங்கள் வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது ஊருக்குப் பத்து நாள் போகிறவன் கொள்முதலுக்குப் போக வேண்டும். விற்கணும்னா கடை போட்டு உட்காரணும், உட்கார்ந்தால் ஊர்ப் பாஷை படிக்கணும். ஊழியத்துக்கும் இதே கணக்குதான். ஆகவே கடைக்கு வந்தவருக்கு இப்படிப் பதில் சொன்னேன்: பையன் போகட்டும், தடுக்காதீங்க. திரும்பி வந்ததும் என்ன கொடுத்தாய் என்று கேட்காமல், யாரிடம் என்ன கற்றாய், அவர்கள் பேர் என்ன, அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை சொல்லு பார்ப்போம் என்று கேளுங்கள். டில்லியில் இத்தனை வருஷம் இருக்கும் நம்மையும் நாமே அப்படிக் கேட்டுக்கொள்ளலாம்.