குதிகால் வலி: பிளாண்டர் ஃபேசியைடிஸ்

குதிகால் எலும்பிலிருந்து கால்விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை நைந்துபோவதால் வரும் வலி. 40 முதல் 60 வயதுக்குள் அதிகம். நாள் முழுக்க நின்று வேலை செய்வோரும் நெடுந்தூரம் ஓடுவோரும் எளிதில் அகப்படுவர். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் ஆணி குத்தியதுபோல் சுரீரென்று வலிக்கும். நாலு எட்டு நடந்தால் மட்டுப்படும். எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளின்மேல் பழி போடுவது வழக்கம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு.

முழு ஓய்வு தேவையில்லை. ஓட்டத்தைக் குறைத்து, சைக்கிள், நீச்சல் என்று மாறிக்கொள்ளலாம். கட்டிலிலிருந்து இறங்குமுன் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து 10 விநாடி பிடிக்க வேண்டும். இப்படி 10 முறை. வலுவூட்ட, படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலை 3 விநாடியில் உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குவது. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். 2014இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட இம்முறை, மூன்றாம் மாதத்தில் வெறும் நீட்டல் பயிற்சியைவிட நல்ல பலன் தந்தது. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதைவிட, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பராலான எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொள்வது மேல். ஸ்டீராய்டு ஊசியின் சுகம் தற்காலிகமே. நார் அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு.

பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் குணமாகும். வீக்கமோ மரத்துப்போதலோ ஓய்விலும் விடாத வலியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுக.