ஆணியும் துளையும்

இன்று நாம் பேசப்போவது மிகச் சிறிய ஒன்றைப் பற்றி. இரும்பில் இடப்பட்ட ஒரு துளை, அதில் செருகிய ஓர் ஆணி, அவ்வளவுதான். ஆனால், அந்த இரண்டையும் சரியாகப் புரிந்துகொள்ள மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது. அதற்குக் கொடுத்த விலையில் மனித உயிர்களும் அடங்கும்.

தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் நமக்கு டிராக்டரும் டிரெய்லரும் புதியவை அல்ல. இரண்டையும் இணைப்பது ஒரு தடித்த ஆணி. அது நுழையும் துளை புதிதில் நல்ல வட்டமாக இருக்கும். சில ஆண்டுகள் பாரம் இழுத்தபின் உற்றுப் பார்த்தால், அது முட்டை வடிவம் கொண்டிருக்கும். இழுவை விழும் பக்கம் தேய்ந்திருக்கும். மறுபக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். காரணம் என்ன? ஆணி துளையைச் சுற்றிலும் அழுத்துவதில்லை. ஒரு பக்கத்தில்தான் அழுத்துகிறது.

பழங்காலத்தில் இத்தகைய பாரங்களைக் கணக்கிடுவதைவிடச் சோதித்துப் பார்ப்பதே வழக்கம். செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் வழியில் புனலூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே கல்லடையாற்றின்மேல் 1877இல் கட்டி முடிக்கப்பட்ட தொங்குபாலம் இரும்புச் சங்கிலிகளில் தொங்குகிறது. அதன்மேல் யானைகளை நடக்கவிட்டு, கட்டிய பொறியாளரே கீழே படகில் இருந்தார் என்று அவ்வூரார் கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், பாரத்தை ஏற்றிப் பார்த்தே பாலத்தை நம்பிய காலத்தை அது நமக்குக் காட்டுகிறது.

பிறகு கணக்கு வளர்ந்தது. அகன்ற தகடு ஒன்றில் சிறிய வட்டத் துளை இட்டு இழுத்தால், துளையின் விளிம்பில் தகைவு, அதாவது உள்ளே ஏற்படும் இழுவிசை, மூன்று மடங்காகிறது என்று 1898இல் ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் காட்டினார். துளை என்பது வெறும் வெற்றிடமன்று. பாரம் வந்து குவியும் இடம் என்பது அன்று தெளிவாயிற்று.

ஆயினும் அறிந்தது மட்டும் போதவில்லை. அமெரிக்காவில் ஒகாயோ ஆற்றின்மேல் 1928இல் சில்வர் பாலம் திறக்கப்பட்டது. ஊசிக்குக் காது இருப்பதுபோல, இரு முனைகளிலும் துளையுடைய எஃகுப் பட்டைகளை ஆணிகளால் கோத்து அதன் சங்கிலியை அமைத்தார்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டே பட்டைகள். 1967 டிசம்பர் 15ஆம் நாள் மாலை, கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில், வண்டிகள் நிறைந்திருந்த அப்பாலம் ஆற்றில் சரிந்தது. 46 பேர் மாண்டனர்.

ஆராய்ந்தவர்கள் ஒரு பட்டையின் துளை ஓரத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழமே உள்ள விரிசலைக் கண்டார்கள். ஆணி அழுத்துவது துளையின் கடைக்கோடியில். கிழியப் பார்ப்பதோ அதன் இரு விலாக்களில். அப்படிப்பட்ட ஒரு விலாவில், துருவும் இழுவிசையும் சேர்ந்து, நாற்பது ஆண்டுகளாக அந்த விரிசலை வளர்த்திருந்தன. இணைப்பைக் கழற்றாமல் அதைக் காண இயலாது. ஒரு பட்டை முறிந்தது; துணைப் பட்டையால் தாங்க முடியவில்லை; பாலம் முழுவதும் வீழ்ந்தது. இதன் பிறகுதான், 1968இல், பாலங்களை முறையாகச் சோதிக்க விதிகள் வேண்டும் என்று அந்நாடு சட்டம் செய்தது.

இதற்கிடையே கணிப்பொறியும் வந்தது. ஒரு பொருளைப் பல சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கணக்கிட்டுச் சேர்க்கும் முறையை 1956இல் விமானப் பொறியாளர்கள் வெளியிட்டார்கள். 1960இல் கிளஃப் என்பவர் அதற்குப் பெயரிட்டார். இன்று பொறியாளர் திரையில் துளையை வரைந்து, அதன்மேல் பாரத்தை வைக்கிறார். இங்கேதான் நம் டிராக்டர் ஆணி மறுபடி வருகிறது.

பாரத்தைத் துளையின் சுற்றுச்சுவர் முழுவதும் பரப்பிவிட்டால், ஆணி அங்கே ஒட்டவைக்கப்பட்டு மறுபக்கத்தையும் இழுப்பதாகக் கணக்கு ஆகிவிடும். ஆணியால் தள்ளத்தான் முடியும். ஆகவே பாரத்தை ஆணி தொடும் பாதிச் சுவரில் மட்டும் வைக்கிறார்கள். நடுவில் மிகுதியாகவும், இரு ஓரங்களை நோக்கிக் குறைந்து, முடிவில் ஒன்றுமில்லாமலும் அமைக்கிறார்கள். இதுவும் ஆணி துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தியிருந்தால்தான் சரி. ஆணி தளர்ந்திருந்தால் தொடும் இடம் குறுகும். அங்கே அழுத்தம் கூடும்.

கணிப்பொறி கெட்டிக்காரன்தான், ஆனால் சொன்னதைத்தான் செய்வான். துருவையும் தேய்மானத்தையும் நாம் சொல்லாவிட்டால், துளை இன்றும் புதியதென்றே எண்ணிக் கணக்கிடுவான். அவற்றைக் கண்டு சொல்ல வேண்டியவர் அந்த ஆணியோடு அன்றாடம் பழகுகிறவர்.

எனவே துளை நீண்டுவிட்டாலோ, ஆணி ஆடினாலோ, ஓரத்தில் மயிரிழைபோல் கோடு தெரிந்தாலோ, இறக்கத்தில் வண்டியை விடுமுன் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுவோம். பள்ளியில் வட்டம் வரையும் நம் பிள்ளைகளுக்கும் அந்தத் துளையை ஒருமுறை காட்டுவோம். நாளை திரையில் பாரம் வைக்கப்போகிறவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். பாரம் எந்தப் பக்கத்தில் விழும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராது.