மாமாவின் ரனிஃப்ளாரும் ஒரு படகுக் கோப்பும்

காரைக்காலில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். நாகர்கோவிலில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவருக்கு அந்தப் படிப்பு எதற்கு உதவியது என்று பேரன் கேட்கிறான். ஒரே ஒரு தடவை உதவியிருக்க வேண்டியது. உதவவில்லை.

என் மாமா சைகோனில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு பெஜோ 203 கார் வைத்திருந்தார். வண்டிச் சாமான்களின் பெயர் அவர் வாயில் பிரெஞ்சில்தான் வரும். சிலிண்டருக்குள் போடும் லைனர் ‘ஷெமிஸ்’, அதாவது சட்டை. பிஸ்டன் ரிங் ‘செக்மான்’. இஞ்சினின் அடிவயிறான கிராங்க்கேஸிலிருந்து வெளியே வரும் சிறிய குழாய் ‘ரனிஃப்ளார்’. மூக்கை உறிஞ்சுகிறவன் என்று அர்த்தம். நம் ஒர்க்‌ஷாப்களில் பிரீதர் என்பார்கள். “இவன் மூக்கை அடைச்சா வண்டிக்கு மூச்சு முட்டிடும்டா” என்பார் மாமா. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு இந்த ரிங்கின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். பழைய நீராவி இஞ்சின்களில் பிஸ்டனைச் சுற்றிச் சணலை இறுக்கி, கொழுப்புத் தடவி வைப்பார்களாம். அடிக்கடி மாற்ற வேண்டும். 1850களின் தொடக்கத்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில் பொறியாளர் உலோக வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, அதன் வில்விசையாலேயே சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி செய்தார். இன்று வரை ஓடும் எல்லா இஞ்சினிலும் அந்த யோசனைதான்.

அந்த வெட்டில்தான் சூட்சுமம். ரிங் சூடானால் நீளும். 100 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு ரிங்கின் சுற்றளவு 314 மில்லிமீட்டர். சுவரைவிட ரிங் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். வெட்டில் அதற்கு இடம் விடாவிட்டால் இரண்டு முனைகளும் முட்டிக்கொள்ளும். பிறகு ரிங் சுவரைக் கீறும், இல்லை உடையும். இடைவெளி குறைந்தால் காற்று கசியாது, இஞ்சின் நன்றாக இழுக்கும் என்று நினைப்பது மனித சுபாவம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நம் ஊருக்கு டீசல் வந்தது பஸ்ஸில். 1938 பிப்ரவரி 20-ம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசு பஸ்ஸைத் தொடங்கி வைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்த காமர் சேஸிஸ்களில் பெர்கின்ஸ் டீசல் இஞ்சின். நாகர்கோவில், குளச்சல், கன்னியாகுமரி வரைக்கும் அவை ஓடின. அப்போது ரிங் சீமையிலிருந்து வரவேண்டும். 1949-ல் சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. அதை நிறுவிய அனந்தராமகிருஷ்ணன் நமக்குப் பக்கத்து ஆழ்வார்திருநகரிக்காரர் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அந்த இஞ்சின்கள் எல்லாம் தாமாகக் காற்றை உறிஞ்சுகிறவை. டர்போ வேறு ஜாதி. வீணாகப் போகும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர் ராத்தோ ரெனோ விமான இஞ்சினில் பொருத்திப் பார்த்தார். 1920களில் இரண்டு ஜெர்மன் கப்பல்களில் வைத்தபோது, 1,750 குதிரைசக்தி இஞ்சின் 2,500 கொடுத்தது. நான் முதலில் பார்த்த டர்போ ரயிலில்தான். 1979-ல் கன்னியாகுமரிக்கு ரயில் வந்த பிறகு பார்த்த டபிள்யூ.டி.எம்.2 இஞ்சினுக்குப் பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைசக்தி. அதன் கிராங்க்கேஸ் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ள மட்டும் தனியாக ஒரு மோட்டார் விசிறி உண்டு.

அது ஏன் தேவை? எந்த ரிங்கும் முழுதாக அடைக்காது. கொஞ்சம் வாயு கீழே இறங்கியே தீரும். வெளியேற வழியில்லாமல் கிராங்க்கேஸில் ஆயில் ஆவியோடு சேர்ந்து நின்றால் ஆபத்து. 1947 செப்டம்பரில் பெல்ஃபாஸ்ட் அருகே சோதனை ஓட்டத்தில் இருந்த ரெய்னா டெல் பசிஃபிகோ என்ற கப்பலில் ஒரு பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகி, கிராங்க்கேஸ் வெடித்து 28 பேர் இறந்தார்கள்.

சின்ன இஞ்சினில் அவ்வளவு தூரம் பெரும்பாலும் போகாது. ஆனால் டர்போ இருந்தால் வேறு ஒரு தொல்லை. டர்போவின் தண்டுக்குப் போகும் ஆயில் தன் பாரத்தாலேயே கிராங்க்கேஸுக்கு வழிந்து திரும்ப வேண்டும். கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் ஆயில் இறங்காமல் தேங்கி, டர்போ வழியாகக் கசிந்து, நீலப் புகையாக வரும். பார்க்கிறவர்கள் டர்போ போய்விட்டது என்பார்கள்.

2004-ல் என் மேஜைக்கு வந்த படகுக் கோப்பு அப்படிப்பட்டது. லாரி இஞ்சினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றிப் படகில் வைப்பது நம் கடற்கரையில் வழக்கம். லாரிக்கு டர்போ வந்ததும் அது கடலுக்கும் போனது. இந்தப் படகுக்காரர் இஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றியிருந்தார். பிறகு நீலப் புகை. புது டர்போ போட்டார். ஒரு மாதத்தில் மறுபடியும் புகை. மறுபடியும் டர்போ. படகு கரையில் கிடந்தது, மனைவியின் நகை அடகுக்குப் போனது. கடன் தவணைக்கு அவகாசம் கேட்டு மனு. இரண்டு டர்போ பில்லையும் பார்த்து நான் குறிப்பு எழுதினேன்: “பராமரிப்புக் குறைவு காரணமாகத் தெரிகிறது. அவகாசம் பரிந்துரைக்கப்படவில்லை.” கையெழுத்து அழகாக இருக்கும் எனக்கு.

பிறகு அவர் வேறொரு ஒர்க்‌ஷாப் ஆசானைக் கூட்டிப் போயிருக்கிறார். ஆசான் டர்போவைத் தொடவே இல்லை. இஞ்சினை ஓடவிட்டு, ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக வாயில் வைத்தார். அது துள்ளிக் கீழே விழுந்தது. கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூபில் தண்ணீர் ஊற்றி, வளைத்துப் பிடித்து, ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் செருகினார். ஒரு பக்கத் தண்ணீர் சரசரவென்று ஏறியது. பிரீதர் குழாய் எங்கே என்று தேடினால், இஞ்சின் அறையில் எண்ணெய்ப் புகை வருகிறதென்று யாரோ அதில் பழந்துணியை அடைத்திருந்தார்கள்.

துணியை எடுத்தும் அழுத்தம் முழுதாக இறங்கவில்லை. இஞ்சினைப் பிரித்தார்கள். மேல் ரிங்கின் முனைகள் முட்டிப் பளபளவென்று தேய்ந்திருந்தன. பழைய இஞ்சினுக்கு விடும் 0.4 மில்லிமீட்டர்கூட விடவில்லை. டர்போ இஞ்சின் கூடுதல் சூடு தாங்க வேண்டும். அந்த அளவு சிலிண்டருக்குப் பொதுவாக 0.5, 0.6 வரை விடுவார்கள், சரியான அளவு இஞ்சினின் புத்தகத்தில் இருக்கும். அதோடு, மேல் ரிங் சாதாரண வார்ப்பிரும்பில் சதுர வெட்டு. டர்போவுக்குக் குரோமோ மாலிப்டினமோ பூசிய, ஆப்பு போல் சரிந்த ரிங் வேண்டும். அது அசைய அசையக் கரி உதிரும், காடியில் ஒட்டிக்கொள்ளாது. இரண்டாவது ரிங்கின் இடைவெளியை ஆசான் மேல் ரிங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தார். நடுவில் வாயு மாட்டிக்கொண்டால் மேல் ரிங்கைத் தூக்கிவிடுமாம்.

“டர்போ ஒண்ணும் போகல்ல சாரே. கீழ மூச்சு முட்டிச்சு, அது மேல கக்கிச்சு” என்று ஆசான் பின்னால் என்னிடம் சொன்னார். கழற்றிப் போட்ட முதல் டர்போ நல்லதாகவே இருந்தது.

நான் திருத்தக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ஏற்கெனவே முடிவெடுத்த கோப்பு என்று திரும்பி வந்தது. படகு கடலுக்குப் போனது. நகை திரும்பி வர மூன்று வருஷம் ஆனது என்று கேள்விப்பட்டேன்.

ஒருநாள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கோபமில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். “சாருக்கு இஞ்சின் பத்தி ஒண்ணும் தெரியாதுல்லா, பில்லைப் பாத்து எழுதினிய” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். மாமாவின் ரனிஃப்ளாரைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.