வியன்னாவில் ஒரு சமநிலை

சதுரங்க உலகப் பட்டப்போட்டியொன்றின் முதலாட்டம் சமநிலையில் முடிவுற்றால், அன்று மாலையே இரசிகர் உலகம் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றது. இருவரும் அஞ்சி ஒதுங்கிவிட்டனர் என்று சினப்போர் ஒரு கட்சி. இருவரும் ஒருவரையொருவர் ஆழம் பார்க்கின்றனர், பொறுத்திருங்கள் என்று ஆற்றுவோர் மறு கட்சி. பார்வைக்கு இவை எதிரெதிர்க் கருத்துகளே. எனினும் இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை கிடக்கின்றது: அன்றைய ஆட்டத்தில் எதுவும் நடைபெறவில்லை என்பதே அது. ஆளுக்கு அரைப்புள்ளி, கணக்குத் தீர்ந்தது. எதுவும் நடைபெறவில்லை என்று பெரும்பாலோர் கூறும் இடத்தில் என்ன நடைபெற்றது என்று கேட்பது வரலாறு பயில்வோர்க்குப் பழகிய வேலை. அக்கேள்வியை, 1910ஆம் ஆண்டு ஜனவரி 7ஆந் திகதி வியன்னா நகரில் தொடங்கிய ஓர் ஆட்டத்தின் மீது எழுப்பிப் பார்க்க விழைகின்றேன்.

ஆடியவர்களுள் ஒருவர் இமானுவேல் லஸ்கர். ஜெர்மானியர், கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், 1894இல் ஸ்ரைனிற்ஸ் என்னும் முதியவரை வென்று பெற்ற உலகப் பட்டத்தைப் பதினாறாம் ஆண்டாகத் தம்மிடம் வைத்திருந்தவர். மற்றவர் கார்ல் ஷ்லெக்டர். வியன்னாவிலே பிறந்தவர், அப்போது அவருக்கு வயது 35. எதிரே ஆடுபவர் காலந்தாழ்த்தி வந்தால், தமது கடிகாரத்திலும் அவ்வளவு நேரத்தை எவரும் அறியாவண்ணம் ஓடவிட்டுவிடுவார் என்று அவரைப்பற்றிச் சொல்வதுண்டு. அவரைத் தோற்கடித்தல் மிக அரிது. ஆனால் வென்றே தீரவேண்டும் என்ற வெறி அவரிடம் இருந்ததில்லை. எதிராளி சோர்ந்திருக்கக் கண்டால் சமநிலைக்கு இசைந்துவிடுவார். எனவே "சமநிலை மன்னன்" என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. புகழ்ச்சியின் உடையணிந்து வந்த இகழ்ச்சி அது.

இப்போட்டி 30 ஆட்டங்கள் கொண்டதாக நடைபெறும் என்றே முதலிற் பேசப்பட்டது. பணம் திரளவில்லை. முப்பது, பத்தாகச் சுருங்கியது; ஐந்து வியன்னாவில், ஐந்து பேர்லினில். இதனை ஏற்பாட்டுக் குறிப்பு என்று ஒதுக்கிவிடலாகாது. முப்பது ஆட்டங்களில் ஒரு தோல்வியை ஆறுதலாக ஈடுசெய்யலாம். பத்தில் அது முடியுமா? ஒரு பிழை நேர்ந்தால் பட்டமே போய்விடும் என்ற நிலையில் எவரும் அடியளந்துதான் நடப்பர். ஆட்டக்காரர் துணிவின்றி ஆடினர் என்று கூறுமுன், அத்துணிவுக்கு வேண்டிய இடத்தைச் சுருக்கியது எவருடைய பணப்பை என்று நோக்குதல் வேண்டும். அக்காலத்து வியன்னாவில் சதுரங்கம் செல்வரின் கொடையிலே உயிர்வாழ்ந்தது. நகரின் முதன்மையான சதுரங்கச் சங்கத்துக்கு வங்கி முதலாளியான அல்பேர்ட் றொத்ஷைல்ட் தலைவர். ட்ரெபிச் என்ற பட்டுத்துணி உற்பத்தியாளர் விட்டுச்சென்ற நிதியில் அவர் பெயரால் போட்டிகள் நடந்துவந்தன. இவ்வாறு கிடைக்கும் பரிசுத் தொகையையும், சதுரங்கம்பற்றி எழுதிப் பெறும் ஊதியத்தையும் நம்பியே ஷ்லெக்டர் போன்றோரின் அடுப்பு எரிந்தது.

முதலாட்டத்தில் வெள்ளைக் காய்கள் ஷ்லெக்டருக்கு. ஸ்பானியத் தொடக்கம் என வழங்கும் பழைய முறையில் ஆட்டம் தொடங்கிற்று. ஆட்டம் நீள நீள லஸ்கரின் கை ஓங்கியது. காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுண்டு, இறுதியில் இருபாலும் அரசனும் ஒரு கோட்டையும் சில காலாட்களுமே எஞ்சின. லஸ்கரிடம் ஒரு காலாள் கூடுதல். சதுரங்கத்தோடு பழக்கமில்லாதோர்க்கு ஒரு விளக்கம் வேண்டும். இத்தகைய நிலையில் குறைந்த பலமுடையவன் இயல்பாகச் செய்வது, இருக்கும் காலாட்களைக் காத்துக்கொண்டு ஒடுங்கியிருப்பதாகும். கோட்டை காவற்காரனாக ஒரு மூலையிற் கட்டுண்டுவிடும். எதிரி அவசரப்படமாட்டான், அரசனை மெல்ல முன்னேற்றி, பிடியை இறுக்கி, முடித்துவிடுவான். அக்காலத்தில் இறுதிக்கட்ட ஆட்டத்தில் லஸ்கரினும் பொறுமையாகப் பிடியை இறுக்க வல்லோர் இலர் எனலாம்.

ஷ்லெக்டர் ஒடுங்கியிருக்க மறுத்தார். ஐம்பதாம் நகர்த்தலைக் கடந்தபின், முன்னரே ஒரு காலாள் குறைந்திருந்த அவர், இன்னொன்றையும் தாமாகவே கைவிட்டார். அவ்விலை கொடுத்துத் தமது கோட்டையைக் காவற் பணியிலிருந்து விடுவித்தார். விடுபட்ட கோட்டை எதிரியின் அரசனையும் காலாட்களையும் இடைவிடாது தொல்லைப்படுத்தியது. இரண்டு காலாட்கள் கூடுதலாக இருந்தும் லஸ்கரால் முன்னேற முடியவில்லை. ஆட்டம் சமநிலை. இறுதியாட்டம்பற்றிய பாடநூல்களிலே, முடங்கிக்கிடக்கும் கோட்டையினும் இயங்கும் கோட்டை எவ்வளவு மேலானது என்பதற்கு உதாரணமாக இது இன்றும் காட்டப்பெறுகின்றது. எதுவும் நடைபெறாத ஆட்டமென்று இதையா சொல்வது? முடிவுப் பட்டியலில் இதற்கும், பத்து நிமிடத்திற் கைகுலுக்கிப் பிரிந்த ஆட்டத்துக்கும் ஒரே குறிதான். பரீட்சைப் பெறுபேற்றுப் பட்டியலை வைத்து மாணவரை அளந்து பழகிய நமக்கு இது புதுமையன்று.

அந்நாளைய வியன்னாவில் சதுரங்கப் பேச்சுக்கு இடங்களுக்குக் குறைவில்லை. கோப்பிக்கடைகளே அந்நகரின் வாசகசாலைகள், அரசியல் மன்றங்கள், ஆடுகளங்கள். ஹெரென்காஸே வீதியிலிருந்த சென்றல் கோப்பிக்கடைக்கு, அங்கு குழுமிய ஆட்டக்காரரின் பெருக்கத்தால், "சதுரங்க உயர்கல்லூரி" என்ற பட்டப்பெயரே வழங்கிற்று. 1907 முதல் 1914 வரை அந்நகரில் அகதியாக வாழ்ந்த ட்ரொட்ஸ்கி அக்கடைக்கு வந்து சதுரங்கம் ஆடுபவர். இலங்கை இடதுசாரிகளுட் பலர் பிற்காலத்தில் ஆசானாகக் கொண்ட மனிதர், ஷ்லெக்டரின் நகரத்திலே, ஷ்லெக்டரின் காலத்திலே, அதே கோப்பிக்கடைப் பலகையிற் காய் நகர்த்திக்கொண்டிருந்தார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூராதிருக்க முடியவில்லை.

போட்டியின் எஞ்சிய கதையைச் சுருங்கக் கூறலாம். முதல் நான்கு ஆட்டங்களும் சமநிலை. ஐந்தாவதில் லஸ்கர் மேலோங்கியிருந்து தடுமாற, ஷ்லெக்டர் வென்றார். ஆறு முதல் ஒன்பது வரை மீண்டும் சமநிலை. பத்தாம் ஆட்டம் மட்டுமே மீதி. ஷ்லெக்டர் ஒரு புள்ளி முன்னே நின்றார். அவ்வேளையில் லஸ்கர் நியூயோர்க் பத்திரிகையொன்றுக்கு எழுதுகையில், வாழ்விலே முதன்முறையாகத் தாம் தோற்கக்கூடும் எனவும், அவ்வாறு நேரின் உலகப் பட்டத்தை ஒரு நல்ல மனிதரே பெறுவார் எனவும் குறிப்பிட்டார். 1910 பெப்ரவரி 8 முதல் 10 வரை பேர்லினில் இறுதியாட்டம் நடைபெற்றது. சமநிலை மன்னனுக்கு இன்னொரு சமநிலை போதும். அதற்கு வழிகளும் இருந்தன. அவரோ வெற்றியை நாடிப் போராடி, 71 நகர்த்தல்களின் பின் தோற்றார். போட்டி 5–5. பட்டம் பழையவரிடமே தங்கிற்று.

ஏன் அவர் அவ்வாறு ஆடினார்? நூறாண்டுக்கு மேலாக இரசிகரும் ஆய்வாளரும் இதைப்பற்றி வாதிட்டு வருகின்றனர். பட்டத்தைப் பெற இரண்டு புள்ளி முன்னிலை வேண்டுமென்று ஓர் இரகசிய நிபந்தனை இருந்தது என்பது ஒரு விளக்கம். 1911இல் லஸ்கர் கியூபா நாட்டு இளைஞர் கப்பபிளாங்காவுக்கு விதித்த நிபந்தனைகளில் இவ்வகையான விதியொன்று இருந்தமையால் இவ்விளக்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஐந்தாம் ஆட்டத்தின் தற்செயல் வெற்றியால் உலக வீரன் எனப்படுவதை ஷ்லெக்டர் விரும்பவில்லை என்பது மற்றொரு விளக்கம். அவருடைய இயல்பை நோக்கும்போது இதுவே எனக்கு ஏற்புடையதாகப் படுகின்றது. எவ்வாறாயினும், துணிவில்லாதவன் என்று ஒரு பெயரால் அறியப்பட்ட மனிதன், துணிந்ததனாலேயே பட்டத்தை இழந்தான் என்பது வரலாற்றுண்மை.

லஸ்கரை இக்கதையின் கொடியவராக்கிவிடுதல் எளிது, நியாயமன்று. அவருக்கு முன்னர் பட்டம் வகித்த ஸ்ரைனிற்ஸ், 1900ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஓர் அரசாங்க மனநோய் மருத்துவமனையில், கையிற் காசின்றி இறந்தார். அம்முடிவை லஸ்கர் மறக்கவில்லை. ஆடுவதற்குப் பெருந்தொகை கேட்டார். பேராசைக்காரர் என்ற பழியையும் ஏற்றார். தொழிலாளி தன் உழைப்பின் விலையைத் தானே சொன்னால் பேராசை, முதலாளி சொன்னால் சந்தை என்னும் வழக்குச் சதுரங்கப் பலகையிலும் செல்லுபடியாயிற்று. 1921இல் ஹவானா நகரில் அவர் கப்பபிளாங்காவிடம் பட்டத்தை இழந்தபோது பரிசுத்தொகை 20,000 டொலர். அப்போட்டியின் முதலாட்டமும் சமநிலையே. ஆடிய 14 ஆட்டங்களில் 10 சமநிலை.

பணந் தருவோர்க்குச் சமநிலை பிடிப்பதில்லை. அவர்கள் வாங்க வந்தது வெற்றியும் வீழ்ச்சியும். ஆகவே சமநிலையைத் தண்டிக்கும் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 2005இல் சோபியா நகரப் போட்டியில் ஆட்டக்காரர் தம்முள் சமநிலை பேசுவது தடுக்கப்பட்டது. 2008இல் பில்பாவோ நகரில் வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று என்ற கணக்கு வந்தது. இவ்விதிகளுக்கு நியாயமே இல்லையென்று நான் வாதிட வரவில்லை. ஆடாமலே முடித்துக்கொள்ளும் சமநிலைகள் உண்டு. 1962இல் குறாசாவோ தீவில் நடந்த தெரிவுப் போட்டியில் பெற்றோசியன், கெரெஸ், கெல்லர் என்ற சோவியத் வீரர் மூவரும் தமக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் சமநிலையாயின. பொபி பிஷர் வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டினார். சோவியத் நாட்டினர் என்பதற்காக அதை நாம் மூடிமறைத்தல் முறையன்று. உழைப்பை ஒளிக்கும் சமநிலை வேறு, உழைப்பினால் விளையும் சமநிலை வேறு. விதி இரண்டையும் ஒரே கோலால் அடிக்கின்றது.

இரசிகரும் அவ்வாறே. 2013 நவம்பர் 9ஆந் திகதி சென்னையில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் இடையே நடந்த முதலாட்டம் 16 நகர்த்தல்களில் முடிந்தது. கறுப்புக் காய்களோடு ஆடிய ஆனந்துக்கு அது நற்சகுனம் என்று நம்மவர் பலர் மகிழ்ந்தனர். பின்னர் மூன்று ஆட்டங்களில் தோற்று அவர் பட்டத்தை இழந்தார். 2018இல் இலண்டனில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய முதலாட்டமோ 115 நகர்த்தல், ஏறத்தாழ ஏழு மணித்தியாலம். அதுவும் சமநிலை, அதைத் தொடர்ந்த பதினொன்றும் சமநிலை. பன்னிரண்டு ஆட்டங்களின் வேலையை விட்டு, விரைவாட்டங்களைக் கொண்டே வீரனைத் தெரிந்தனர். 16 நகர்த்தலையும் 115 நகர்த்தலையும் ஒரே சொல்லாற் குறிக்கும் மொழியில் நாம் என்ன விமரிசனத்தை எழுதிவிட முடியும்?

மீண்டும் வியன்னாவுக்கு வருவோம். 1912 முதல் 1916 வரை, பில்கேர் என்பார் பெயரால் வழங்கும் பெருஞ் சதுரங்கக் கைநூலின் எட்டாம் பதிப்பை ஷ்லெக்டர் திருத்தி வெளியிட்டார். ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட வேலை. அவ்வேலை முடியுமுன்னரே உலகப்போர் மூண்டுவிட்டது. போட்டிகள் அருகின. புரவலர் கைகள் மூடின. 1918 ஜனவரியில் ஒஸ்திரியாவில் மாப் பங்கீடு பாதியாகக் குறைக்கப்பட்டபோது, வீனர் நொய்ஸ்ராட் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வேலைநிறுத்தம் வியன்னாவுக்கும் பேரரசின் பிற நகரங்களுக்கும் பரவிற்று. தொழிற்சாலையில் நின்றவனுக்கு நிறுத்த ஒரு வேலையும், பக்கத்தில் நிற்கத் தோழரும் இருந்தனர். சதுரங்கத்தை நம்பி வாழ்ந்தவனுக்கு இரண்டும் இல்லை.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பேர்லினில் நால்வர் மட்டும் ஆடிய ஒரு போட்டியில் லஸ்கரும் ஷ்லெக்டரும் மீண்டும் சந்தித்தனர். லஸ்கர் முதலிடம் பெற்றார், ஷ்லெக்டர் மூன்றாமிடம். சில வாரங்களில் பேரரசு சிதறியது. ஷ்லெக்டர் புடாபெஸ்ற் சென்றார். 1918 டிசெம்பர் 27ஆந் திகதி அந்நகரில் நுரையீரல் அழற்சியால் அவர் இறந்தார். நாட்பட்ட பட்டினி அவ்வுடலை முன்னரே தின்றிருந்தது. வயது 44. உணவோ பணமோ வேண்டுமென்று அவர் நண்பர் எவரிடமும் வாய்திறந்து கேட்டதில்லை என்பர்.