தனிக் கூடை கூட்டுக் கூடையான கதை

1936-ல் ஓர் இரவு, அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் என்ற மளிகைக்கடை முதலாளி தன் அலுவலகத்தில் யோசனையோடு உட்கார்ந்திருந்தார். கடைக்கு வருகிறவர்கள் கையிலிருக்கும் கூடை கனத்ததும் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பணம் கட்டப் போய்விடுகிறார்கள். கை வலிக்காவிட்டால் இன்னும் வாங்குவார்களே! எதிரே கிடந்த மடக்கு நாற்காலியில் அவர் பார்வை நின்றது. இருக்கை மேல் ஒரு கூடை, அடியில் இன்னொன்று, கால்களில் சக்கரம். 1937 ஜூன் 4 அன்று தள்ளுவண்டி கடைக்குள் வந்தது. யாரும் தொடவில்லை. குழந்தை வண்டி தள்ளிச் சலித்த பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆண்களுக்கோ கௌரவக் குறைச்சல். கோல்ட்மன் அசரவில்லை. கூலிக்கு ஆள் பிடித்து, வாடிக்கையாளர் போல வண்டி தள்ளிக்கொண்டு கடையைச் சுற்றவிட்டார். அதைப் பார்த்துதான் மற்றவர்கள் துணிந்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு வண்டி என்ற கணக்கும் அன்றே எழுதப்பட்டுவிட்டது. அந்தக் கணக்கு எங்கே போய் முட்டும் என்று யாருக்கும் தெரியாது.

1984 மே மாதம். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் ஊரில் 72 வயது ஜேன் ஸ்னோபால் தன் வீட்டுத் தொலைக்காட்சி முன் அமர்ந்து ரிமோட்டை அழுத்தினார். மார்ஜரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை. மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் 1979-ல் உருவாக்கிய முறைப்படி, தொலைக்காட்சி தொலைபேசிக் கம்பி வழியே கணினியோடு பேசியது. பட்டியல் டெஸ்கோ கடைக்குப் போனது, பொருள் வாசலுக்கு வந்தது, பணம் ரொக்கமாகக் கைமாறியது. எல்லாம் சுமுகம். பத்தாண்டுக்குள் வைய விரிவு வலை வந்தது. தீராத மறதியையும் கூடவே கொண்டுவந்தது.

வலையின் அடிப்படை அமைப்பில் ஞாபகம் என்பதே கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் அனுப்பும். கேட்டவர் யார் என்பதை அப்போதே மறந்துவிடும். முதல் பக்கத்தில் சட்டையைத் தேர்ந்தெடுத்தவர் அடுத்த பக்கத்துக்குப் போனால், தளத்துக்கு அவர் புது ஆள். 1994-ல் எம்சிஐ என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் இணையக் கடை ஒன்றைக் கட்டப் பார்த்து இங்கேதான் திணறியது. பாதியில் நிற்கும் கொள்முதல்களையெல்லாம் தன் கணினிகளில் சேமித்துச் சுமக்க அதற்கு விருப்பமில்லை. பிரச்சினை, பின்னாளில் நெட்ஸ்கேப் என்று பெயர் மாறிய நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுல்லி என்ற இளைஞரிடம் வந்தது.

அவர் கண்டுபிடித்த தீர்வு, சலவைக்கடைக்காரர் கொடுக்கும் துண்டுச் சீட்டு மாதிரி. தளம் ஒரு சிறு குறிப்பை எழுதி வாங்குபவரின் உலாவியிடமே கொடுத்துவைக்கும். அடுத்த முறை வரும்போது உலாவி அதைக் காட்டும். அதுதான் குக்கி. அந்த ஆண்டு அக்டோபரில் வெளியான உலாவியிலேயே அது இடம்பிடித்தது. இன்று விளம்பரக்காரர்களின் உளவாளி என்று ஏச்சு வாங்கும் குக்கி, பிறந்தது ஒரு ஷாப்பிங் கார்ட்டுக்காக. ஆனால் சீட்டு ஓர் உலாவியில் இருந்தது. அந்த உலாவி ஒரு மேசையில் இருந்தது. பக்கத்து வீட்டுத் தோழி அந்தக் கார்ட்டுக்குள் கை விட வழியே இல்லை.

2000-களின் நடுவில் சிங்கப்பூர் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டது. அமெரிக்க உடைக் கடைகள் திரையில் மின்னின. பல கடைகள் கடல் தாண்டி அனுப்பமாட்டா. சிங்போஸ்ட்டின் விபோஸ்ட் சேவை அமெரிக்காவிலேயே ஒரு முகவரி கொடுத்து அந்தத் தடையை நீக்கியது. ஆனால் ஒற்றைச் சட்டையை வரவழைக்கும் கூலி, சட்டை விலைக்கு அருகில் போய் நின்றது. பத்துப் பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரு கார்ட் மட்டும் எங்கேயும் இல்லை.

கார்ட் இல்லாவிட்டால் என்ன, கையால் செய்துகொள்ளலாம் என்று கிளம்பினார்கள். ‘ஸ்ப்ரீ’ பிறந்தது. லைவ்ஜர்னல் போன்ற தளங்களில் ஒருத்தி அறிவிப்பாள்: இன்ன கடை, இன்ன தேதியில் மூடுகிறேன். சேர விரும்புகிறவர்கள் பொருளின் இணைப்பு, நிறம், அளவு, டாலர் விலை எல்லாம் எழுதித் தருவார்கள். அவள் அத்தனையையும் எக்செல் தாளில் ஏற்றி, தன் ஒற்றைக் கார்ட்டில் ஒவ்வொன்றாகத் தட்டுவாள். பொருள் விலை முதல் தவணை. பொட்டலம் வந்து எடை தெரிந்ததும் அனுப்புக் கூலி இரண்டாம் தவணை. அவள் தட்டி முடிப்பதற்குள் யாரோ ஒருத்தி கேட்ட அளவு தீர்ந்துபோயிருக்கும். பணத்தைத் திருப்ப வேண்டும், கணக்கு மாறும், கூலிப் பங்கும் மாறும். பணத்தோடு மறைந்த அமைப்பாளர்களும் உண்டு. இத்தனைக்கும் மேல் ஓர் எண் அவளை மிரட்டிக்கொண்டே இருந்தது.

அந்த எண் 400. அன்று சிங்கப்பூருக்கு விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொட்டலத்தின் மதிப்பு 400 வெள்ளிக்குள் இருந்தால் பொருள் சேவை வரி இல்லை. தாண்டினால், 2007 ஜூலை முதல், 7 விழுக்காடு. கூலி குறைய ஆள் கூட வேண்டும். வரி தப்ப ஆள் குறைய வேண்டும். அமெரிக்கக் கடையோ குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் உள்ளூர் அனுப்புக் கூலி இலவசம் என்று ஆசை காட்டும். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒவ்வொரு பொட்டலத்தையும் கச்சிதமாக நிறுத்திய அந்தப் பெண்களின் கணக்குத் திறமையை எவ்வளவு மெச்சினாலும் தகும். பொட்டலம் வந்ததும் விநியோகம் எம்ஆர்டி ரயில் நிலையத்தில். லிட்டில் இந்தியாவோ, தோபி காட்டோ, அமைப்பாளர் கட்டண வாயிலுக்கு உள்ளேயே நின்றுகொண்டு தடுப்புக்கு மேலாகப் பையை நீட்டுவாள். வெளியே வந்தால் பயணக் கட்டணம் கழியும். அதையும் யார் தலையில் ஏற்றுவது?

2010-ல் காற்று திசை மாறியது. சிங்கப்பூரின் தொலைபேசிக் குறியீட்டைப் பெயரிலேயே வைத்திருந்த ‘65டைகூ’, சீனாவின் தாவ்பாவ் தளத்துப் பொருள்களை மொத்தமாகச் சேர்த்து வரவழைக்கத் தொடங்கியது. பின்னாளில் அதுவே ‘ஈஸிபை’ ஆனது. அதே 2010-ல், முகம் தெரியாதவர்களைத் தள்ளுபடிக்காக ஒன்றுசேர்த்த உள்ளூர்த் தளமான பீகனாமிக்கை சிகாகோவின் குரூப்பான் வாங்கியது. கூலி குறைந்தது, தள்ளுபடி கிடைத்தது. தோழிகள் ஒருவர் கூடையை ஒருவர் பார்த்து வாங்கும் சுகம் மட்டும் இரண்டிலும் இல்லை. கையால் செய்த ஸ்ப்ரீ மெல்ல ஓய்ந்தது. அதைத் திரும்ப எழுப்ப ஒரு பெருந்தொற்று வர வேண்டியிருந்தது.

2020 ஏப்ரல் தொடக்கத்தில், இரவு பகல் பாராமல் இயங்கிய முஸ்தஃபா சென்டர் கடைத்தொகுதி கிருமித்தொற்றால் மூடப்பட்டது. 7-ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கி, ஊரே வீட்டுக்குள் அடங்கியது. உடனே வீவக அடுக்குமாடி புளோக்குகளின் வாட்ஸ்அப் குழுக்களில் கூட்டாக வாங்குவது பெருகியது. டுரியான், மீன், பரோட்டா மாவு. முறை எளிது: பட்டியலை நகலெடு, அடியில் உன் வரியைச் சேர், திரும்ப ஒட்டு. மாடி வீட்டு அக்கா பரோட்டா மாவு இரண்டு பொட்டலம் என்று சேர்த்து ஒட்டுவார். அதே நிமிடம் பழைய பட்டியலை நகலெடுத்த இன்னொருவர் தன் மீனை ஒட்டுவார். கடைசிப் பட்டியலில் மீன் இருக்கும், மாவு இருக்காது. பணம் ஒரு தடையில்லை, 2017-ல் வந்த பேநவ் கைப்பேசி எண்ணுக்கே அனுப்பிவிடும். பட்டியல்தான் ஓரிடத்தில் நிற்க மறுத்தது.

விடை, மான்டுல்லியின் சீட்டை இன்னொரு விதமாகப் பார்ப்பதில் இருந்தது. கூடை ஒருவர் உலாவியோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. கடையின் கணினியில் அது இருக்கட்டும், அதற்கு ஓர் எண் இருக்கட்டும், அந்த எண்ணை இணைப்பாக்கி யாருக்கும் அனுப்பலாம். திறப்பவர் தன் கைப்பேசியிலிருந்தே சேர்ப்பார். எந்தப் பொருள் யாருடையது என்று பெயரோடு நிற்கும். இருவர் ஒரே நொடியில் தட்டினாலும் இரண்டும் பதியும். சாப்பாடு வரவழைக்கும் கிராப் செயலியின் குழு ஆர்டர் பொத்தான் செய்வது இதைத்தான். சிராங்கூன் சாலை அலுவலகம் ஒன்றில் மதியம் ஒருவர் இணைப்பை அனுப்ப, ஆளுக்கொரு மேசையிலிருந்து தோசையும் பிரியாணியும் ஒரே கூடையில் வந்து விழுகின்றன.

2023 ஜனவரி 1 முதல் 400 வெள்ளிச் சலுகையும் பெரும்பாலும் போனது. வரிக்குப் பதிவுசெய்த கடையில் வாங்கினால், பொட்டலம் சிறிதானாலும் பெரிதானாலும் இப்போது வரி 9 விழுக்காடு. கூடையைப் பிரித்துச் சிறிதாக்கக் காரணம் இல்லை, சேர்ந்து வாங்கக் கூலி என்ற காரணம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் துணிக்கும் மளிகைக்கும் பெரும்பாலான தளங்களில் கூடை இன்னும் ஒருவருக்கே. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்ட வசதி தீபாவளிப் புடவைக்கும் வந்தாக வேண்டும்.